உலர்ந்த மண் பிணை நிற்குமா?

நீதவான் முன்னிலையில் ஒருவனுக்குப் பிணை நிற்க இன்னொருவன் முன்வரும்போது, அவனிடம் சில கேள்விகள் கேட்கப்படுவது வழக்கம். நீ யார்? உனக்குள்ள ஆதனம் யாது? குற்றஞ்சாட்டப்பட்டவன் தவணைக்கு வராமற் போனால் பிணைப் பணத்தைக் கட்ட உன்னால் இயலுமா? இவற்றுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரே அவனுடைய கையொப்பம் ஏற்கப்படும். வாய் பேச இயலாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, அவனுக்குப் பதிலாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனே எழுந்து, "ஆம், இவன் பொறுப்பேற்பான், ஆம், இவனுக்கு வசதி உண்டு" என்று விடை கூறினால் எந்த நீதவான் அதனை ஏற்பார்?

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தொழில் முயற்சிகளுள் ஒன்றிலே, இத்தகைய பிணை ஏற்கப்பட்டது. அணுகுண்டுத் தொழிற்சாலையின் கழிவுகளுக்கு உலர்ந்த மண் பிணை நிறுத்தப்பட்டது. அம்மண்ணின் சார்பில் விடை கூறியவர்கள், கழிவை உண்டாக்கிய அதே அதிகாரிகள். "இங்கே மழை குறைவு, மண் ஆழமானது, கீழே உள்ள நீரை நஞ்சு சென்றடையாது" என்றார்கள். அவர்கள் கூறியது ஓர் எடுகோள். அது சான்றாக ஏற்கப்பட்டுவிட்டது. பிணையாளி கைவிட்ட கதையையும், அதிலிருந்து சட்டமும் மக்களும் கற்கவேண்டிய பாடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டிலே மின்சாரம் ஆக்கும் அணு உலை எதுவும் இல்லையே, இது நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கிணற்று நீரைக் குடித்து, கிணற்று நீரால் பயிர் வளர்த்து வாழும் மக்கள் நாம். மண்ணுக்குள் இட்டது எங்கே போகிறது என்ற கேள்வி, உலகில் எவரிலும் பார்க்க நமக்கே நெருக்கமானது.

பழத்தோட்டம் இருந்த இடம்

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலே, வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு வளைந்தோடும் ஓரிடத்தில் ஹான்போர்ட், வைற் பிளவ்ஸ் என்னும் இரு சிற்றூர்கள் இருந்தன. ஆற்று நீரைப் பாய்ச்சிப் பழமரங்கள் வளர்த்த கமக்காரரின் ஊர்கள் அவை. 1943ஆம் ஆண்டிலே அரசாங்கம் அந்நிலத்தைச் சுவீகரித்து, ஏறத்தாழ 1,500 பேரைச் சில வார அவகாசத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டது. எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. யுத்த இரகசியம் என்ற ஒரே சொல் எல்லாக் கேள்விகளுக்கும் விடையாயிற்று.

அவர்களுக்கும் முன்னரே அவ்வாற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் வனாபம் மக்கள். தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த துறைகளும் மாரிக்கால இருப்பிடங்களும் அவர்களுக்கு அடைபட்டன. அயலிலுள்ள யாக்கமா மக்களோடு 1855ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் செய்துகொண்ட உடன்படிக்கையோ, வழமையான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமை என்றும் அவர்களுக்கு உண்டென எழுத்திலே உறுதி கூறியிருந்தது. அவ்வுடன்படிக்கையால் அவர்கள் விட்டுக்கொடுத்த நிலப்பரப்பினுள்ளேயே ஹான்போர்ட் அமைந்துள்ளது. ஆற்றிலே மீன்பிடிக்கும் உரிமை உண்டென்றால், அந்த மீன் உண்ணத்தக்க மீனாக இருக்கவேண்டாமா?

586 சதுர மைல் பரப்பிலே, ஆற்றங்கரை நெடுகிலும் ஒன்பது உலைகள் எழுந்தன. 1945 ஓகஸ்ட் 9ஆம் நாள் நாகசாகி நகரை அழித்த குண்டின் புளூட்டோனியம் இங்கேதான் ஆக்கப்பட்டது. கடைசி உலை 1987இல் நிறுத்தப்படும்வரை இத்தொழில் நடந்தது. உலையிலிருந்து எடுத்த யுரேனியத்தை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து சிறிதளவு புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பது இதன் முறை. சிறிதளவு புளூட்டோனியத்துக்குப் பெருமளவு நச்சுத் திரவம் மிஞ்சியது.

அத்திரவத்தை இரு கூறாக்கினார்கள். மிகக் கொடியதை நிலத்துள் புதைத்த தாங்கிகளிலே அடைத்தார்கள். 177 தாங்கிகள், அவற்றுள் 149 ஒற்றைச் சுவர் கொண்டவை. ஏறத்தாழ 5 கோடி 60 இலட்சம் கலன் கழிவு அவற்றில் தேங்கிற்று. குறைந்த வீரியமுடையது எனக் கருதியதையோ குளங்களிலும் அகழிகளிலும் அடிப்பாகமற்ற குழிகளிலும் நேரே மண்ணுக்குள் விட்டார்கள். தொழில் நடந்த காலம் முழுவதிலும் இவ்வாறு மண்ணுக்குள் விட்ட திரவத்தின் அளவு ஏறத்தாழ 45,000 கோடி கலன்.

இதற்கு அவர்கள் கூறிய நியாயம் மண்ணேயாகும். அவ்விடத்து ஆண்டு மழை ஏழு அங்குலத்துக்கும் குறைவு. யாழ்ப்பாணத்திலே ஒரு நல்ல கார்த்திகை மாதத்திற் பெய்வதற்கும் குறைந்தது. தொழிற்சாலைகள் நின்ற மேட்டு நிலத்தின் கீழே, நீர்மட்டத்தை அடையுமுன் 200 முதல் 300 அடிவரை நீர் நிரம்பாத மண் இருந்தது. அதுவே வடிகட்டி, அதுவே காவற்காரன், அதுவே பிணையாளி என எண்ணினார்கள்.

கமக்காரன் அறிந்த அறிவியல்

நீர் நிரம்பாத மண்ணிலே நீர் எப்படி நகர்கிறது என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் அணு விஞ்ஞானிகள் அல்லர். பயிர்ச்செய்கையின் பொருட்டு மண்ணை ஆராய்ந்தவர்களே. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மண் ஆய்வுப் பகுதியிலே பணியாற்றிய எட்கார் பக்கிங்காம் 1907இல் இதற்கு அடித்தளம் இட்டார். லொறன்சோ றிச்சாட்ஸ் என்பவர் 1931இல் அதனைக் கணித வடிவில் நிறுத்தினார். ஹான்போர்ட்டின் முதற்குழி தோண்டப்படுமுன்னரே இவ்வறிவு அச்சிலே இருந்தது.

அவ்வறிவின் சாரத்தை நம் கமக்காரர் அனுபவத்தால் அறிவர். வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சினால், சிறிது நேரத்தில் மிகைநீர் கீழே வடிந்துவிடும். ஆனால் மண் ஈரமாகவே இருக்கும். மணிகளுக்கிடையே மெல்லிய படலமாக நீர் ஒட்டி நிற்பதே காரணம். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல், நுண்ணிய துளைகள் நீரை இழுத்துப் பிடித்திருக்கின்றன. பெரிய துளைகளோ அவ்வாறு பிடிக்க வலுவற்றவை. அவை முதலில் வறண்டு காற்றால் நிறைந்துவிடும்.

இங்கேதான் சாதாரண அறிவை ஏமாற்றும் ஒரு செய்தி உண்டு. மண் நனைந்து நிரம்பியிருக்கும்போது சரளைக்கல்லினூடாக நீர் விரைந்து ஓடும். களியினூடாக மெல்லச் செல்லும். மண் வறண்டிருக்கும்போதோ இது தலைகீழாகிறது. சரளையிலே பெருந்துளைகள் யாவும் காற்றால் நிறைந்திருப்பதால் நீர் செல்ல வழியில்லை. நுண்மண்ணிலேயே நீர்ப்படலம் தொடர்ச்சியாக இருந்து வழிவிடுகிறது. நுண்மண் படையொன்று சரளைப் படையின்மேற் கிடந்தால், வந்த நீர் எல்லையிலே தயங்கி நிற்கும், பக்கவாட்டிற் பரவும், மேலும் நீர் சேர்ந்து ஈரம் மிகுந்தவுடன் ஓரிடத்திலே உடைத்துக்கொண்டு விரல்போல் கீழே பாயும்.

ஹான்போர்ட்டின் மண்ணோ ஒரே சீரானதன்று. பனியூழிக் காலத்துப் பெருவெள்ளங்கள் அடுத்தடுத்துக் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் சரளையும் படை படையாக அங்கே கிடக்கின்றன. அப்படைகளை ஊடறுத்துச் செங்குத்தாக ஓடும் நுண்மண் சுவர்களும் உண்டு. இத்தகைய நிலத்திலே நஞ்சு, துணியிற் சாயம் பரவுவதுபோல் ஒரே அளவாகப் பரவுவதில்லை. ஓரிடத்தில் நிற்கும், ஓரிடத்திற் பக்கம் சாயும், ஓரிடத்தில் ஒரே பாய்ச்சலாக இறங்கும். நூறு அடிக்கு ஒரு துளையிட்டுப் பார்த்துவிட்டு "இங்கே இல்லை" என்பவன், தான் பார்த்த துளையில் இல்லை என்பதை மாத்திரமே சொல்கிறான்.

ஐம்பதுகளிலே ஹான்போர்ட்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். புவியீர்ப்பை எதிர்த்து இவ்வளவு மண் இவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே அவ்வளவு கழிவை மட்டும் அகழியில் விட்டால் அது அங்கேயே நின்றுவிடும் என்று. பாத்தியிலே ஈரம் நிற்கும் அதே தத்துவம்தான். ஆனால் பிடித்து வைத்தல் வேறு. பூட்டி வைத்தல் வேறு. நேற்றுப் பாய்ச்சிய நீர் பாத்தியில் நிற்கிறது. நாளை பாய்ச்சும் நீர் அதனைக் கீழே தள்ளுகிறது. பசளை இட்ட மறுநாள் பெருமழை பெய்தால் பசளை எங்கே போயிற்று என்று கமக்காரன் கேட்பதில்லை; அவனுக்குத் தெரியும்.

மேலும், தாங்கிகளின்மேல் நிலத்தை வெறுமையாக வைத்து, சரளையைப் பரப்பி, புல் பூண்டு முளைக்கவிடாமற் செய்தார்கள். வேர்கள் நஞ்சை மேலே கொண்டுவரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயின் அப்பாலைநிலப் புதர்கள் வழக்கமாகக் குடித்துத் தீர்த்துவிடும் மழைநீரும் பனியுருகிய நீரும், குடிப்பார் இன்மையால் சரளையினூடாக நேரே கீழே இறங்கின. பழுதடைந்த நீர்க்குழாய்களும் தம் பங்குக்குக் கசிந்தன. வறண்ட நாட்டிலே, நஞ்சு புதைந்த இடத்துக்கு மட்டும் நீர் பாய்ச்சியதுபோலாயிற்று.

புகைவண்டிப் பிரயாணிகள்

நஞ்சு என்று ஒரே சொல்லாற் குறிப்பிட்டாலும் அதிலுள்ள பொருள்கள் பலவகை. கொழும்புக் கோட்டையிலே யாழ்தேவியில் ஏறியவர்கள் எல்லோரும் காங்கேசன்துறைக்குச் செல்வதில்லை. சிலர் பொல்காவலையில் இறங்குவர், சிலர் அனுராதபுரத்தில், சிலரே கடைசிவரை செல்வர். மண்ணினூடாகச் செல்லும் நீரோடு ஏறிய பொருள்களும் அவ்வாறே.

புளூட்டோனியத்தின் பெரும்பகுதி விட்ட இடத்தின் அண்மையிலேயே மண்மணியைப் பற்றிக்கொள்கிறது. சீசியம் 137 என்பது மைக்காக் கனிமங்களின் இடுக்குகளில் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன் அரைவாழ்வு 30 ஆண்டு. ஆனால் டெக்னீசியம் 99, எதிர்மின்னேற்றம் பூண்ட வடிவிலே கரைந்திருப்பதால், மண்ணிலே பற்றிக்கொள்ளாமல் நீர் போகும் வேகத்திலேயே போகும். அதன் அரைவாழ்வு 2,11,000 ஆண்டு. அயடீன் 129 என்பதும் மண்ணில் அதிகம் தங்காதது. அதன் அரைவாழ்வு ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் மேல். திரிற்றியமோ நீரின் பகுதியாகவே ஆகிவிடுவதால் அதனை எந்த மண்ணும் வடிகட்ட இயலாது. ஹான்போர்ட்டில் விட்ட திரிற்றியம் மண்ணைக் கடந்து, நீர்மட்டத்தை அடைந்து, கொலம்பியா ஆற்றையும் எட்டிவிட்டது.

எனவே "மண் பிடித்துக்கொள்ளும்" என்று ஒருவர் கூறினால், நாம் உடனே கேட்கவேண்டிய கேள்வி, "எதனை?" என்பதாகும். முதல் நிலையத்தில் இறங்குபவனைக் காட்டி, வண்டியே அங்கு நின்றுவிட்டது என்று சொல்வதை ஏற்கலாகாது.

சாட்சி பிறழ்ந்தது

1973ஆம் ஆண்டிலே டி 106 என்னும் தாங்கி கசிந்தது. சித்திரை மாதம் தொடங்கிய கசிவு ஆனி மாதத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கிடையில் ஏறத்தாழ 1,15,000 கலன் கழிவு மண்ணுக்குள் போய்விட்டது. திரவமட்டத்தை அளக்கவில்லையா? அளந்தார்கள், எழுதியும் வைத்தார்கள். எழுதியதை வாசித்துப் பொருளுணரவேண்டியவர்கள் உணரவில்லை. காவற்காரன் விழித்திருந்தான், அவன் குறித்துவைத்த புத்தகத்தை எவரும் திறக்கவில்லை.

காலப்போக்கில், ஒற்றைச் சுவர்த் தாங்கிகளுள் 67 கசிந்தவை அல்லது கசிந்ததாகக் கொள்ளவேண்டியவை என்றும், கசிந்தது ஏறத்தாழ 10 இலட்சம் கலன் என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்பொழுதும் பிணையாளிமேல் இருந்த நம்பிக்கை தளரவில்லை. தாங்கிகளிலிருந்து கசிந்தது மண்ணிலேயே நின்றுவிடும், நீரை அடையாது என்றே அதிகாரிகள் கூறிவந்தனர்.

தொண்ணூறுகளிலே, எஸ்.எக்ஸ். என்ற தாங்கித் தொகுதியின் கீழே துளைகளில் அளவுகருவி இறக்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ 130 அடி ஆழத்திலே சீசியம் காணப்பட்டது. மண்ணை விட்டு நகராது என்று எல்லோரும் நம்பிய பொருள் அது. உடனே ஒரு சமாதானம் கூறப்பட்டது: துளையிட்டபோது குழாயின் பக்கமாக வழுக்கி இறங்கியிருக்கும் என்று. குறுக்குவிசாரணையிலே தடுமாறும் சாட்சியின் விடைபோன்றது அது. பின்னர் புதிதாகத் துளையிட்டு ஆராய்ந்தபோது, மாசு மண்ணுக்குள்ளேயே இருந்தது தெளிவாயிற்று.

ஏன் இப்படி நடந்தது? ஆய்வுகூடத்திலே தூய நீரில் சீசியத்தைக் கரைத்து மண்ணிலே விட்டால் மண் அதனைப் பற்றிக்கொள்வது உண்மையே. தாங்கியிலே இருந்ததோ தூய நீரன்று. கொதிக்கும் சூடுடைய, சோடிய உப்பு மிகச் செறிந்த, காரத்தன்மையுள்ள கரைசல். சோடியம் பெருந்திரளாக வந்து மண்மணியின் ஆசனங்களை எல்லாம் பிடித்துக்கொண்டபோது, சீசியத்துக்கு அமர இடம் இல்லாமற் போயிற்று. அது கீழே இறங்கிற்று. மண் பொய் சொல்லவில்லை. மண்ணிடம் கேட்ட கேள்வி ஒன்று; நடந்த சம்பவம் வேறொன்று.

1997 நவம்பரிலே, தாங்கிக் கழிவு தரைக்கீழ் நீரை அடைந்துவிட்டது என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் ஒப்புக்கொண்டது. 1998 மார்ச்சிலே, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம், ஹான்போர்ட்டிலே கழிவு மண்ணினூடாக எவ்வாறு நகர்கிறது என்பது பற்றிய அறிவு முக்கிய முடிவுகளை எடுப்பதற்குப் போதாது என அறிக்கையிட்டது. முதற்குழி தோண்டி அரை நூற்றாண்டு கழிந்த பின்னர்! தீர்ப்பை எழுதிவிட்டு விசாரணையைத் தொடங்கியது போன்றதல்லவா இது?

பத்தாண்டு என்றார்கள்

இன்னொரு சம்பவத்தையும் நோக்குவோம். ஹான்போர்ட்டின் தென்புறத்திலே, ஆற்றுக்கு அண்மையில், யுரேனியம் கலந்த கழிவு நீரைக் குளங்களிலும் அகழிகளிலும் விட்ட பகுதியொன்று உண்டு. அங்கே தரைக்கீழ் நீரிலுள்ள யுரேனியம் 3 முதல் 10 ஆண்டுகளில் தானாகவே குறைந்துவிடும் என்ற மதிப்பீட்டின்மேல், 1996இல் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கண்காணித்தபடி காத்திருப்பது என்பதே அம்முடிவு.

காத்திருந்தார்கள். பத்தாண்டு கடந்தது. யுரேனியம் குறையவேண்டிய அளவுக்குக் குறையவில்லை. காரணம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயுள்ள மண்ணிலே யுரேனியம் தங்கியிருந்ததுதான். ஆற்றிலே வெள்ளம் ஏறும்போது தரைக்கீழ் நீரும் ஏறி அம்மண்ணை நனைத்து யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டது. வெள்ளம் வடியும்போது அதனையும் உடன்கொண்டு வடிந்தது. மாரியில் நீர் ஏறிக் கோடையில் இறங்கும் கிணற்றைத் தினமும் காண்பவர்களுக்கு இது விளங்காத புதிரன்று. பின்னர், மண்ணுக்குள் பொசுபேற்றைச் செலுத்தி யுரேனியத்தைக் கட்டிப்போடும் முறையை மேற்கொள்ளவேண்டி வந்தது.

திரவமே இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்போருக்கு நெவாடா மாநிலத்துப் பீற்றி என்ற இடம் விடையளிக்கிறது. ஹான்போர்ட்டிலும் வறண்ட பாலைநிலம் அது. 1962 முதல் 1992 வரை அங்கே குறைந்த வீரியக் கதிரியக்கக் கழிவு புதைக்கப்பட்டது. நீர்மட்டமோ 300 அடிக்கும் கீழே. தொண்ணூறுகளில் அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தார் வேலிக்கு வெளியே மண்ணிடைக் காற்றைச் சோதித்தபோது, திரிற்றியமும் காபன் 14உம் அதிலே காணப்பட்டன. நீர் நிரம்பாத மண்ணில் மீதித் துளைகளிலே காற்று இருக்கிறது. அக்காற்றும் ஒரு பாதையே என்பதை அது மெய்ப்பித்தது.

அந்நாளில் கலிபோர்னியாவின் வோட் பள்ளத்தாக்கிலே, மண் வறண்டது என்ற அதே நியாயத்தின்மேல் இன்னொரு புதைகுழி அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். கொலராடோ ஆற்றை அண்டி வாழும் ஐந்து பழங்குடிச் சமூகத்தவரும் அவர்களோடு நின்ற பொதுமக்களும் 1998இல் 113 நாள் அந்நிலத்தை விட்டு அகலாமல் மறியல் செய்தார்கள். வன்முறையில் இறங்கவில்லை. விஞ்ஞானிகளின் அறிக்கைகளை வாசித்தார்கள், வினா எழுப்பினார்கள், நிலத்தில் அமர்ந்தார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டது. கூட்டாக நின்று ஒழுங்காகக் கேள்வி கேட்கும் மக்களுக்கு முன்னால் எடுகோள்கள் நெடுநாள் நிலைப்பதில்லை.

சட்டத்தின் கடிகாரமும் மண்ணின் கடிகாரமும்

சட்டம் பயின்றவன் என்ற முறையில் என்னை உறுத்தும் விடயம் ஒன்றுண்டு. நம் நாட்டிலே வழக்குத் தொடுக்கும் கால எல்லையை விதிக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, நட்டத்துக்கும் சேதத்துக்கும் இழப்பீடு கோரும் வழக்கை, வழக்குரிமை பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும் என்கிறது. வேலியை உடைத்தவனையும் பயிரை மேய்த்தவனையும் விசாரிக்க இது போதிய காலமே. ஆனால் இன்று மண்ணுக்குள் விட்ட நஞ்சு நாற்பது ஆண்டு கழித்துக் கிணற்றை அடையுமானால்? அப்போது விட்டவன் இறந்திருப்பான், கம்பெனி கலைக்கப்பட்டிருக்கும், பத்திரங்கள் செல்லரித்திருக்கும். வழக்குரிமை என்று பிறந்தது என்பதே முதல் வழக்காகிவிடும். சட்டத்தின் கடிகாரம் ஆண்டுகளை எண்ணுகிறது. மண்ணின் கடிகாரம் தலைமுறைகளை எண்ணுகிறது.

2021இல் பி 109 என்ற தாங்கி கசிவதாக அறிவித்தபோதும், தொழிலாளருக்கோ பொதுமக்களுக்கோ ஆபத்து அதிகரிக்கவில்லை என்றே கூறப்பட்டது. இன்றைய நாளைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான அடி மண்ணுக்கு மேலே நடக்கும் கசிவிலே, இன்றைய நாளைப் பற்றிய உறுதிமொழிக்கு விலை எவ்வளவு? ஆபத்து இல்லை என்பது ஒரு விடை. ஆபத்து இன்னும் வந்து சேரவில்லை என்பது வேறொரு விடை.

பத்திரங்கள் எவர் கையில் இருக்கின்றன என்பதும் முக்கியம். ஹான்போர்ட்டிலே நாற்பது ஆண்டுகளாக என்ன நடந்தது என்பதை மக்கள் அறிந்தது எப்போது? குடிமக்கள் விடாது கோரியதன்பேரில் 1986 பெப்ரவரியிலே 19,000 பக்க ஆவணங்கள் வெளியிடப்பட்டபோதுதான். அதன் பின்னரே, 1989 மே மாதத்தில், எரிசக்தித் திணைக்களமும் மத்திய சுற்றாடல் நிறுவனமும் வாஷிங்டன் மாநிலமும் துப்புரவுக்கான முத்தரப்பு உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. தன் கழிவைத் தானே மேற்பார்வை செய்துவந்த அதிகாரம், முதன்முறையாக வேறொருவருக்கு எழுத்திலே பதில் சொல்லக் கடமைப்பட்டது. தாங்கிக் கழிவைக் கண்ணாடியாக உருக்கி இறுக்கும் ஆலையின் கட்டட வேலை 2002இல் தொடங்கியது. முதன்முதலாகக் கழிவு அங்கே கண்ணாடியாக்கப்பட்டது 2025 ஒக்டோபரிலேயே. புதைப்பதற்கு ஒரு நாள் போதும். தோண்டித் திருத்த ஓர் ஆயுள் போதாது.

நம் மண்ணிலும் இதன் ஒரு சிறு பாடம் உண்டு. சுன்னாகத்திலே எண்ணெய் கலந்த கிணறுகளின் கதையை வாசகர் அறிவர். அங்கே இருப்பது 300 அடி வறண்ட மணலன்று. சிறிதளவு செம்பாட்டு மண்ணும் அதன்கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல்லுமே. ஹான்போர்ட்டில் தலைமுறை எடுக்கும் பயணம் இங்கே ஒரு மாரியிலே முடிந்துவிடக்கூடும். அவ்வழக்கிலே 2019 ஏப்ரலில் நம் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவனே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்ற நெறியைப் பிரயோகித்து, இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. நெறி சிறந்தது. ஆனால் கிணறு கெட்ட பின்னர் வரும் பணம் கிணற்றை மீட்பதில்லை.

எண்பிக்கும் சுமை யாருக்கு?

மறுதரப்புக்கும் நியாயம் செய்வோம். ஹான்போர்ட்டின் மண் பயனற்றதாய் இருக்கவில்லை. புளூட்டோனியத்தினதும் சீசியத்தினதும் பெரும்பங்கை அது இன்றுவரை தாங்கி நிற்கிறது. கொலம்பியா பெரிய ஆறு. அதிலே கலப்பது பெரிதும் ஐதாகிறது. 2012 முதல் மேட்டு நிலத்தின் மேற்குப் பகுதியிலே தரைக்கீழ் நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பெரிய ஆலையொன்று உழைத்துவருகிறது. அங்கே பணியாற்றும் விஞ்ஞானிகளே தம் முன்னோரின் தவறுகளைக் கண்டறிந்து அச்சிலிட்டவர்கள். விஞ்ஞானத்தின்மேல் எனக்குக் குறையில்லை. விஞ்ஞானம் "தெரியாது" என்று கூறிய இடத்திலே, அதிகாரம் "ஆபத்தில்லை" என்று மொழிபெயர்த்ததே குறை.

ஆகவே மண்ணுக்குள் நஞ்சை இட எவர் முன்வந்தாலும், அது அரசாங்கமாயினும் தனியார் கம்பெனியாயினும், நாம் வற்புறுத்தவேண்டியவை நான்கு.

முதலாவது, எண்பிக்கும் சுமை புதைப்பவனைச் சாரவேண்டும். கிணறு கெட்டது என்று கமக்காரன் எண்பிக்கும்வரை காத்திராமல், கெடாது என்று புதைப்பவன் முன்கூட்டியே எண்பிக்கவேண்டும். அதுவும் தூய நீரில் செய்த பரிசோதனையால் அன்று, உண்மையான கழிவையும் உண்மையான மண்ணையும் கொண்டு.

இரண்டாவது, அளவீடு நீர்மட்டத்தில் மட்டும் தொடங்கலாகாது. நீரிலே நஞ்சைக் கண்ட நாள் பிந்திய நாள். நீருக்கு மேலுள்ள மண்ணிலும் அதன் காற்றிலும் அளவுகருவிகள் இருக்கவேண்டும். களவு போனபின் கதவை எண்ணுவது காவலாகாது.

மூன்றாவது, அளந்த கணக்கு அயலிலுள்ளவர்கள் கையில் இருக்கவேண்டும். டி 106இன் கணக்கு எழுதப்பட்டிருந்தது; வாசிக்கப்படவில்லை. அந்நீரைக் குடிப்பவனைப்போல் ஊன்றி வாசிப்பவன் வேறெவனும் இல்லை.

நான்காவது, வழக்குத் தொடுக்கும் காலம், சேதம் தெரியவந்த நாளிலிருந்து எண்ணப்படவேண்டும் என்பதைச் சட்டம் ஐயத்துக்கிடமின்றி எழுதவேண்டும். பொறுப்புக்கான பணமும் கம்பெனி கலைந்தபின் தேடும் பணமாக இல்லாமல், குழி தோண்டுமுன் கட்டிவைக்கும் பணமாக இருக்கவேண்டும். பிணை என்றால் அதுவே பிணை.

இவற்றைக் கேட்பது முன்னேற்றத்துக்கு விரோதம் என்று சிலர் கூறுவர். 1943இல் அந்தப் பழத்தோட்டக்காரரிடம் எவரும் எதையும் கேட்கவிடவில்லை. அதன் விலையை அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நாடு இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறது. கமக்காரர் தம் மண்ணைப் பற்றித் தாம் அறிந்ததைச் சபையிலே எடுத்துச் சொல்லவேண்டும். கற்றவர்கள் அதனைச் சட்டத்தின் மொழியிலும் விஞ்ஞானத்தின் மொழியிலும் எழுதிக் கொடுக்கவேண்டும். இருவரும் ஒரே மேடையில் நிற்பார்களாயின், வாய் பேசாத மண்ணைக் கூண்டிலேற்றி, அதன் பெயரால் இன்னொருவன் கையொப்பமிடுவதை நம் ஊரிலே எவரும் துணியமாட்டார்.